அபின் வழி மருந்து கலந்த நோவு மாத்திரைகள்: கணக்கறிந்து உண்ணும் முறை

வியாபாரத்துக்கு முதல் இரண்டு. ஒன்று கைப்பணம், மற்றொன்று கடையில் நிற்கும் ஆளின் உடம்பு. கைப்பணம் போய்விட்டால் நாலு பேரிடம் கேட்டு வாங்கியேனும் மறுபடி கடையைத் திறக்கலாம். உடம்பு போய்விட்டால் அதைக் கடன் கொடுப்பார் யாருமில்லை. ஆயினும் நம் வியாபாரிகளிற் பலர், காசுக்கு எழுதும் கணக்கில் நூற்றில் ஒரு பங்கும் உடம்புக்கு எழுதுவதில்லை. அரிசி மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் சரி, பல்லைப் பிடுங்கித் தாடை வீங்கினாலும் சரி, குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் சரி, மூன்றாம் நாளே கல்லாவில் வந்து உட்கார வேண்டுமென்ற அவசரம். நோவு தெரியாமலிருந்தால் போதும் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றுக்கு இரண்டாக விழுங்குகிறவர்களும் உண்டு. "நேற்று எனக்குக் கேட்டது, நீயும் ஒன்று போட்டுக்கொள்" என்று கடைச் சிப்பந்திக்கு எடுத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு.

மாத்திரை என்பது ஏலக்காய் அல்ல, கையில் அள்ளிக் கொடுப்பதற்கு. அதிலும் ஒரு வகை நோவு மாத்திரைகளில் அபினைச் சேர்ந்த மருந்தொன்று கலந்திருக்கிறது. அளவோடு உண்டால் அது பெரிய உபகாரி. அளவு தப்பினால் உறக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். ஆகவே இம்மாத்திரைகளை அபாயமின்றி உபயோகிக்கும் விதத்தை இப்பாடத்தில் ஒழுங்காகக் கற்போம். வீட்டிலுள்ள பெண்மக்களும் கடைச் சிப்பந்திகளும் கேட்கும்படி வாசித்துக் காட்டுதல் நலம்.

1. இம்மாத்திரைகள் யாவை?

டாக்டர்கள் மிதமான நோவுக்குப் பாரசிட்டமால் கொடுப்பார்கள். அதனால் அடங்காத நோவுக்கு, அதனோடு அபின் வழி மருந்தொன்றையும் சேர்த்துச் செய்த மாத்திரையைக் கொடுப்பதுண்டு. ஒரே மாத்திரையில் இரண்டு சரக்கு. ஆகையால் இவற்றைக் கூட்டு மாத்திரைகள் என்கிறோம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் காண்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பாரசிட்டமாலும் கோடீனும் சேர்ந்தது. மற்றொன்று பாரசிட்டமாலும் டிராமடாலும் சேர்ந்தது. அல்ட்ராசெட் என்ற பெயரில் இது பலருக்கும் தெரியும். அதில் ஒரு மாத்திரைக்கு 325 மில்லிகிராம் பாரசிட்டமாலும் 37.5 மில்லிகிராம் டிராமடாலும் இருக்கின்றன. அமெரிக்கா சென்று வந்தவர்கள் ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் கலந்த மாத்திரைகளையும் கண்டிருப்பார்கள். பெயர்கள் வேறாயினும் சங்கதி ஒன்றே.

கோடீன் அபினிலேயே இருக்கும் ஒரு சத்து. 1832ஆம் ஆண்டு ரோபிக்கே என்ற பிரெஞ்சு இரசாயனர் அதைப் பிரித்தெடுத்தார். டிராமடால் அபினிலிருந்து எடுத்ததல்ல. மேற்கு ஜெர்மனியில் 1962இல் செயற்கையாகச் செய்யப்பட்டு, 1977இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் மூளையில் அபின் சத்துக்கள் போய்ப் பற்றும் இடத்திலேயே அதுவும் பற்றுவதால் அதையும் அந்த இனத்திலேயே சேர்க்கிறார்கள்.

அபின் என்றதும் சிலர் பயந்து, டாக்டர் கொடுத்ததைத் தொடாமல் நோவிலே துடிக்கிறார்கள். நம் பாட்டன்மார் காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சண்டு புகைத்துக் குடும்பங்கள் சீரழிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பே. 1910 முதல் சண்டு விற்பனையை நீரிணைக் குடியேற்ற அரசாங்கமே தன் கையில் வைத்து நடத்தியதும் சரித்திரம். ஆனால் போதைக்காகப் புகைப்பது வேறு. டாக்டர் நிறுத்து அளந்து, சில நாளைக்கென்று எழுதிக் கொடுப்பது வேறு. மார்க்க சம்பந்தமான ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். வைத்திய சம்பந்தமான ஐயத்தை டாக்டரிடமும் மருந்தாளரிடமும் கேட்க வேண்டும். ஒன்றை மற்றவரிடம் கேட்பதால் பயனில்லை.

2. இரண்டு சரக்கு, இரண்டு பேரேடு

கூட்டு மாத்திரையைப் பற்றி அறிய வேண்டிய முதல் விதி இது: மாத்திரையை எண்ணினால் போதாது, அதனுள்ளிருக்கும் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒரே சாக்கில் அரிசியும் பருப்பும் வந்தால் "சாக்கு ஒன்று" என்று கணக்கெழுதும் வியாபாரி உண்டா? அதுபோலவே பாரசிட்டமாலுக்கு ஒரு பேரேடு, அபின் வழி மருந்துக்கு ஒரு பேரேடு. இரண்டும் உடம்பைத் தாக்கும் இடம் வேறு. பாரசிட்டமால் மிஞ்சினால் ஈரல் கெடும். அபின் வழி மருந்து மிஞ்சினால் மூச்சு அடங்கும்.

3. பாரசிட்டமால் கணக்கு

நல்ல உடம்புள்ள வளர்ந்த ஆளுக்கு, 24 மணி நேரத்தில் பாரசிட்டமால் 4,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர், முதியவர், ஈரல் நோயுள்ளவர் ஆகியோருக்கு டாக்டர் இதனினும் குறைவாக வைப்பார்.

ஏன் இந்த எல்லை? உள்ளே போகும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியை ஈரல் தீங்கின்றிக் கழித்துவிடுகிறது. சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் ஈரலிலேயே கையிருப்பாக உள்ளது. அளவோடு உண்ணும் வரை கையிருப்பு தாங்கும். அளவு மிஞ்சினால் கையிருப்புத் தீர்ந்து, நஞ்சு ஈரலையே அரிக்கத் தொடங்கும்.

இப்போது ஒரு உதாரணம் பார்ப்போம். இடுப்பு நோவுள்ள மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் அவருக்கு டிராமடால் கூட்டு மாத்திரையை வேளைக்கு 2 வீதம், நாளைக்கு 3 வேளை எழுதினார். 6 மாத்திரை, ஒன்றுக்கு 325 வீதம் 1,950 மில்லிகிராம் பாரசிட்டமால். இதுவரை குறையில்லை.

நோவு முழுதும் தீரவில்லை என்று அவர் கடையிலிருக்கும் பனடோலை எடுத்து, 500 மில்லிகிராம் மாத்திரையில் வேளைக்கு 2 வீதம் 3 வேளை விழுங்கினார். அது 3,000. மொத்தம் 4,950. எல்லை தாண்டிவிட்டது! இரவில் மூக்கடைப்பு என்று சளி மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டார். அதிலும் பாரசிட்டமால் 500 என்றால் மொத்தம் 5,450. அவர் மனத்தில் இருக்கும் கணக்கோ, "நோவுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று" என்பதே. ஈரலின் பேரேட்டில் மூன்றும் ஒரே பற்றில் விழுகின்றன.

இந்தப் பிழை வருவதற்குக் காரணம், பாரசிட்டமால் பல சட்டைகளில் நடமாடுவதுதான். பனடோலும் அதுவே, உப்பாமோலும் அதுவே, டெக்கோல்ஜென் முதலான சளி மாத்திரைகளிலும் அது உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் குரோசின், கால்பால், டோலோ 650 யாவும் அதுவே. அமெரிக்க மருந்துப் பெட்டியில் அசிட்டமினோஃபென் என்று எழுதியிருந்தால் அதுவும் அதுவேதான். ஆகவே கூட்டு மாத்திரை உண்ணும் நாட்களில் வேறு எந்த நோவு, காய்ச்சல், சளி மருந்தையும் டாக்டரையோ மருந்தாளரையோ கேளாமல் தொடலாகாது.

அமெரிக்க மருந்துக் கண்காணிப்புத் துறை 2011ஆம் ஆண்டு ஜனவரியில், டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் ஒரு மாத்திரைக்குப் பாரசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாமென்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. ஈரல் கெட்டு வருவோரைக் கண்ட பின்னரே இந்த ஏற்பாடு. ஆனால் இதர நாடுகளில் 500 மில்லிகிராம் உள்ள கூட்டு மாத்திரைகள் உண்டு. எனவே பெட்டியின் மேலுள்ள எண்ணை வாசிக்க வேண்டும்.

4. அபின் வழி மருந்தின் கணக்கு

நாம் உறங்கும்போதும் மூச்சு ஓடுகிறதல்லவா? மூளையின் அடித்தண்டிலுள்ள ஒரு பகுதி அதை நடத்துகிறது. இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது "இழு மூச்சை" என்று கட்டளையிடுவது அதன் வேலை. அபின் வழி மருந்து நோவை மட்டுப்படுத்துவது போலவே இந்தக் கட்டளையையும் மட்டுப்படுத்துகிறது. சரியான அளவில் இது தெரியாது. மிஞ்சினால் மூச்சு மெதுவாகி, ஆழம் குறைந்து, கடைசியில் நின்றே போகும். மனிதன் திணறுவதில்லை, கூவுவதில்லை. உறங்குவது போலவே கிடப்பான். அதனால்தான் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாமல் போகிறது.

டிராமடால் கூட்டு மாத்திரையில் 24 மணி நேரத்துக்கு 8 மாத்திரையே உச்ச எல்லை. அதாவது டிராமடால் 300 மில்லிகிராம். உங்களுக்கு எழுதிய அளவு இதனினும் குறைவாயிருந்தால் அந்தக் குறைந்த அளவே உங்கள் எல்லை.

இங்கு சேர்க்கக் கூடாதவற்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். மது கூடாது என்று இம்மருந்தின் பெட்டியில் எழுதியிருக்கும். நம்மவர்க்கு அதைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் மது செய்யும் அதே வேலையைச் செய்யும் வேறு சரக்குகள் நம் வீடுகளிலும் உண்டு. டயாஸெபாம், அல்ப்ரஸோலாம் போன்ற தூக்க மாத்திரைகள். உறக்கம் வரவழைக்கும் சளி, அரிப்பு மருந்துகள். கோடீன் கலந்த இருமல் தண்ணீர். நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின் இவை யாவும் அபின் வழி மருந்தோடு சேர்ந்தால் மூச்சை இன்னும் அழுத்தும். மலாய் நாட்டு வடபகுதியில் சிலர் அருந்தும் கெத்தும் இலைத் தண்ணீரும் அபின் பற்றும் அதே இடத்தில் பற்றுவது. "இலைதானே" என்று எண்ணிச் சேர்த்துக் குடித்தல் ஆகாது.

இரண்டு கிளினிக்குக்குச் செல்பவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பல் டாக்டர் கோடீன் கூட்டு மாத்திரை கொடுத்திருக்க, இடுப்புக்கு வேறொரு டாக்டர் டிராமடால் கொடுத்தால், பெட்டி இரண்டு நிறமாயிருக்கும், பேரேடு ஒன்றுதான். முதல் டாக்டர் கொடுத்த மருந்தை இரண்டாம் டாக்டருக்குக் காட்டுவது அவசியம்.

5. ஒருவருக்குச் சரியான அளவு மற்றவருக்கு ஏன் சரியல்ல?

கோடீன் தானாக நோவைப் போக்குவது சிறிதே. ஈரல் அதை மார்ஃபினாக மாற்றிய பிறகுதான் முழு வேலை நடக்கிறது. இந்த மாற்றம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடுகிறது. சிலருக்கு மாற்றமே நடவாது, மருந்து கேளாது. சிலருக்கு மிக வேகமாக நடந்து, சாதாரண அளவே மிகையளவாகிவிடும். எவர் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிராமடாலும் ஓரளவு இப்படியே. எனவே "எனக்குக் கேட்ட மருந்து" என்று தம்பிக்கோ சிப்பந்திக்கோ கொடுப்பது, அளவு தெரியாத தராசில் பொன் நிறுப்பதைப் போன்றது.

குழந்தைகளுக்கு இவ்விஷயம் உயிர்ப் பிரச்சினை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீனும் டிராமடாலும் கூடாதென்று அமெரிக்கத் துறை 2017இல் திட்டமாக அறிவித்தது. பாலூட்டும் தாய்மார்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பால் வழியே குழந்தைக்குப் போய் அதன் மூச்சை அடக்கக் கூடும்.

இவர்கள் டாக்டரிடம் தங்கள் நிலையை முன்னதாகச் சொல்ல வேண்டும்: ஆஸ்துமா, நெஞ்சு நோய் உள்ளவர், உறக்கத்தில் பலத்த குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பவர், சிறுநீரகம், ஈரல் கெட்டவர், மூத்திரம் தடைப்படும் முதியவர், வலிப்பு நோய் கண்டவர், மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர். டிராமடால் வலிப்பைத் தூண்டக் கூடும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் உடல் நடுக்கம், காய்ச்சல், பதற்றம் உண்டாகலாம். நீரிழிவுக்காரருக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்குவதும் உண்டு. நம் கூட்டத்தில் நீரிழிவில்லாத வீடு குறைவாகையால் இதை மறக்கலாகாது.

6. சீட்டை வாசிக்கும் விதம்

மலேசியாவில் மருந்துப் பையின் மேல் "ஊபாட் தெர்க்காவால்" என்று அச்சிட்டிருக்கும். கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து என்பது அதன் பொருள். "செலப்பாஸ் மாக்கான்" என்றால் சாப்பிட்ட பின். "பிலா பெர்லு" என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசி வார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை. தேவைப்பட்டால் என்று எழுதியிருக்க, நோவு தீர்ந்த பின்னும் மாத்திரை தீரும் வரை விழுங்க வேண்டியதில்லை. கிருமிக்குக் கொடுக்கும் மருந்தைத்தான் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். நோவு மருந்துக்கு அந்தச் சட்டமில்லை.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டித்து உண்ணக் கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் சீட்டில் சொல்லிய இடைவெளி, சாதாரணமாக 4 முதல் 6 மணி நேரம், கட்டாயம் வேண்டும். நீண்ட நேரம் சிறுகச் சிறுக இறங்கும்படி அமைத்த மாத்திரையை உடைப்பதோ பொடிப்பதோ மெல்லுவதோ கூடாது. ஒரு நாள் மருந்து ஒரே நொடியில் இறங்கிவிடும்.

ஒரு காகிதத்தில் தேதி, மணி, மாத்திரை எண்ணிக்கை இம்மூன்றையும் எழுதிவருக. நோவும் உறக்கமும் மாறி மாறி வரும்போது "போட்டேனா, இல்லையா?" என்ற ஐயம் எவருக்கும் வரும். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பது நம் வியாபாரத்தில் பழகிய உண்மைதானே!

7. கடையும் வாகனமும்

முதல் சில நாட்களில் தலைச்சுற்றல், குமட்டல், உறக்கம் உண்டாகலாம். அந்நாட்களில் மோட்டாரும் வேனும் ஓட்டக் கூடாது. விடியற்காலை இருட்டில் பாசார் போரோங்குக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் வேறொருவரை ஓட்டச் சொல்ல வேண்டும். மருந்து மயக்கத்தில் வாகனம் ஓட்டுவது இரு நாடுகளிலும் தண்டனைக்குரியது. ஏணியேறிச் சரக்கெடுப்பது, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே நிற்பது, பெருந்தொகை எண்ணிக் கொடுப்பது ஆகியவற்றையும் தள்ளி வைத்தல் நலம்.

மலச்சிக்கல் இம்மருந்தின் நிழல் போன்றது. மற்றத் தொந்தரவுகள் சில நாளில் குறையும், இது குறையாது. தண்ணீர், பழம், கீரை தேவை. அதனாலும் தீராவிட்டால் மருந்தாளரிடம் மலமிளக்கி கேட்கலாம்.

8. நோன்பு நாட்களில்

நம் நாடுகளில் நோன்பு ஏறத்தாழ 13½ மணி நேரம். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் முடியும் வரை மிஞ்சுவது சுமார் 10½ மணி நேரமே. ஒரு நாளைக்குரிய 8 மாத்திரையையும் இந்தக் குறுகிய நேரத்தில் அடக்கிவிட எண்ணுவது பெரும் ஆபத்து. இடைவெளியின்றி உண்டால், நாளைய கணக்கில் மொத்தம் சரியாகத் தோன்றினாலும், அந்த இரவில் இரத்தத்தில் ஏறும் அளவு மிகையாகும். நோன்பு திறந்தவுடன், நள்ளிரவில், ஸஹரில் என மூன்று வேளைக்கே இடமுண்டு. அதுவும் டாக்டர் அந்த அளவை ஒப்பிய பின்னரே.

எனவே ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கண்டு, நோன்பு இருப்பதைச் சொல்லி, வேளைகளை மாற்றி எழுதி வாங்க வேண்டும். பகலிலும் மருந்தின்றித் தாங்காத நோவு உள்ளவர் நோயாளி. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை இருப்பதை எல்லோரும் அறிவோம். அந்தச் சலுகையை விட்டுவிட்டு இரவில் அள்ளி விழுங்குவது பக்திக்கும் அழகல்ல, வைத்தியத்துக்கும் அழகல்ல.

9. ஊரிலிருந்து வரும் மருந்து. பயணத்தில் கொண்டுபோகும் மருந்து

ஊருக்குப் போய் வருகிறவரிடம் "அந்த நோவு மாத்திரையில் இரண்டு அட்டை வாங்கி வா" என்று சொல்லியனுப்புவது நம்மிடம் உள்ள வழக்கம். இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் டிராமடால் போதைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சிங்கப்பூரில் கோடீன் முதலிய சில மருந்துகளைக் கொண்டுவர, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். ஜொகூர் பாலத்தைத் தினமும் கடக்கிறவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர், துபாய்க்குச் சரக்கெடுக்கச் செல்வோர் ஆகியோரும் அந்தந்த நாட்டு விதியை விசாரித்து, தேவையான முன் அனுமதி பெற்று, டாக்டர் கடிதத்தோடும் மூலப் பெட்டியோடும் மருந்தைக் கொண்டுபோக வேண்டும். 2017இல் எகிப்துக்கு டிராமடால் மாத்திரைகள் கொண்டுசென்ற ஆங்கிலப் பெண்மணி ஒருவர், வேறொருவர் முதுகு நோவுக்கென்று கொண்டுவந்ததாகச் சொல்லியும் மூன்றாண்டு சிறைத் தண்டனை பெற்றார். பிறருக்காக மாத்திரைப் பொட்டலம் சுமக்கிறவர் இதை நினைவிற்கொள்க.

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பெட்டியின் மேல் "மால்" என்ற மூன்று ரோமன் எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருக்கும். எண்ணில்லாத மாத்திரையை, எவர் விற்றாலும், எவ்வளவு மலிவாயினும் வாங்கக் கூடாது.

10. பழக்கமும் நிறுத்தமும்

அறுவைச் சிகிச்சைக்கோ பல் பிடுங்கியதற்கோ இம்மருந்து பெரும்பாலும் சில நாளைக்கே தேவை. பல வாரம் தொடர்ந்து உண்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பழைய அளவு கேளாது. அளவு கூட்டச் சொல்லும். திடீரென நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, மனக் கலக்கம் தோன்றும். இது உடம்பின் இயல்பேயன்றி மானக்கேடல்ல. தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்.

நோவு தீர்ந்த பின்னும் மாத்திரையை மனம் தேடுவது, ஒரே மருந்துக்குப் பல கிளினிக் ஏறுவது, வீட்டாருக்குத் தெரியாமல் உண்பது இவை அபாய மணிகள். மூன்றில் ஒன்று கண்டாலும் மறைக்க வேண்டாம். மறைத்த கடன்தான் வட்டியேறும்.

11. ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவை

தட்டியும் உரக்கக் கூப்பிட்டும் எழும்பாமை, மூச்சு மெதுவாயும் இடைவிட்டும் வருதல், தொண்டையில் களகளவென்ற சத்தம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், உதடும் நகமும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ ஆதல் இவை அபின் வழி மருந்து மிஞ்சியதற்கு அடையாளங்கள். "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டால் அதுவே கடைசி உறக்கமாகலாம்.

மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேச வேண்டும். மூச்சிருந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சில்லையெனில் தொலைபேசியில் பேசுகிறவர் சொல்லும் முதலுதவியை அப்படியே செய்ய வேண்டும். காப்பி புகட்டுவது, தண்ணீரில் நனைப்பது, வாந்தியெடுக்க வைப்பது கூடாது. மாத்திரைப் பெட்டியைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து அங்கு உண்டு.

பாரசிட்டமால் மிஞ்சியதன் தன்மை வேறு. முதல் நாள் ஒன்றும் தெரியாது. சற்றுக் குமட்டலாம், அவ்வளவே. ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். இதற்கும் அசிட்டில்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மிஞ்சியதென்று தெரிந்தால், உடம்பு நன்றாகவே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

12. வைக்கும் இடம்

கல்லாப்பெட்டியிலும் சட்டைப் பையிலும் இம்மாத்திரையை வைக்கக் கூடாது. பூட்டுள்ள அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், எண்ணி வைக்க வேண்டும். மிஞ்சியதை "பிறகு உதவும்" என்று சேர்க்காமல், மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ திரும்பப் பெறுவார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுக. பெறாவிட்டால், அட்டையிலிருந்து பிரித்துத் தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம்.

வினாக்கள்

வாசித்தவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளச் சில வினாக்கள்:

வினா 1: ஒருவர் 500 மில்லிகிராம் பாரசிட்டமாலும் கோடீனும் கலந்த மாத்திரையை வேளைக்கு 2 வீதம் 4 வேளை உண்கிறார். காய்ச்சலுக்குப் பனடோல் சேர்க்கலாமா?
விடை: ஆகாது. 8 மாத்திரையில் 4,000 மில்லிகிராம் நிரம்பிவிட்டது. இனி ஒன்றுக்கும் இடமில்லை.

வினா 2: காலை வேளை தவறியது. மதியம் 4 மாத்திரையாக உண்ணலாமா?
விடை: கூடாது. மதியத்துக்குரிய 2 மட்டுமே. தவறியது தவறியதுதான்.

வினா 3: நோவும் இருக்கிறது, உறக்கமும் வரவில்லை. மனைவிக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?
விடை: ஒருபோதும் கூடாது. இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கும்.

வினா 4: சிப்பந்திக்குக் கடுமையான பல் நோவு. முதலாளியிடம் மிஞ்சிய மாத்திரை இருக்கிறது. என்ன செய்வது?
விடை: மாத்திரையைக் கொடுக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுத்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சிப்பந்திக்குச் செய்யும் உண்மையான உபகாரம் அதுவே.

வணிகப் பெருமக்களே! இடுப்பு நோவு ஒரு வாரத்தில் தீரும். கடை ஒரு வாரம் காத்திருக்கும். இன்றிரவு வீடு சென்றதும் மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் வாசியுங்கள். பாரசிட்டமால் எத்தனை பெயரில் இருக்கிறது, அபின் வழி மருந்து எதில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அந்த ஒரு தாள், ஆண்டுக் கணக்கு முழுவதையும்விட உங்கள் குடும்பத்துக்கு அதிக இலாபம் தரக்கூடும்.